வேஷம் கட்டி வாழ முடியுமா?

வாலாஜாபாத்தைச் சுற்றிய பாலாற்றங்கரை ஊர்களில் தொழிற்சாலையும் கட்டைக்கூத்தும் ஒரே இளைஞரை அழைக்கின்றன. ஒன்று மாதச் சம்பளம் தருகிறது. மற்றொன்று பத்தாண்டுப் பயிற்சிக்குப் பிறகும் தொழில் என்ற பெயரைக்கூடப் பெறாமல் நிற்கிறது.

பங்குனி பிறந்ததும் காஞ்சிபுரம், செய்யாறு, வந்தவாசி வட்டாரங்களின் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரத விழா தொடங்குகிறது. பகலில் பாரதப் பிரசங்கமும் இரவில் கூத்துமாக நாள்கணக்கில் நீளும் அந்த விழாவின் கடைசி நாளன்று, தரையில் களிமண்ணால் பெரிதாகக் கிடத்தப்பட்ட துரியோதனன் உருவத்தைச் சுற்றி, இரவெல்லாம் பதினெட்டாம் போர் ஆடி முடித்த வீமனும் துரியோதனனும் அரிதாரம் கலையாமல் காலை வெயிலில் மோதுகின்றனர். ஊரே படுகளம் எனப்படும் அந்த இடத்தைச் சூழ்ந்து நிற்க, மாலையில் தீமிதியோடு விழா நிறைவெய்துகிறது. அதே காலைப் பொழுதில், அதே ஊர்களின் கூட்டுரோடுகளில், வாலாஜாபாத் வழியாக ஒரகடத்துக்கும் சுங்குவார்சத்திரத்துக்கும் போகும் கம்பெனி பஸ்கள் முதல் ஷிப்டுக்கு ஆள் ஏற்றுகின்றன. கூத்துக் களரியில் ஆடும் இளம் நடிகர்கள் பலருக்கு அந்தப் பஸ்ஸே குடும்பத்தின் வருமானத்துக்கான வழி என்பதால், விடியலில் கலைவதற்கு முன் வேஷமும், தவறுவதற்கு முன் பஸ்ஸும் அவர்களை இரண்டு பக்கமாக இழுக்கின்றன.

இப்பகுதியின் கூத்து அழிந்துவருகிறது என்று சொல்லப்படுவது பழகிப்போன புலம்பல். பார்வையாளர் இல்லை, இளைஞருக்கு ஆர்வம் இல்லை என்பவை அதற்குச் சொல்லப்படும் காரணங்கள். ஆனால் கூத்து நடிகரின் வாழ்க்கையை ஆண்டு ஆண்டாகப் பிரித்துப் பார்த்தால் வேறொரு உண்மை தெரிகிறது. சிறுவயதில் கற்றுக்கொள்ள வழி இருக்கிறது. முதுமையில் விருதும் உதவித்தொகையும் பெற வழி இருக்கிறது. இருபது வயதுக்கும் முப்பத்தைந்து வயதுக்கும் இடைப்பட்ட ஆண்டுகளில், திருமணம், வாடகை, குழந்தையின் பள்ளிக் கட்டணம் எல்லாம் வந்து சேரும் காலத்தில், நடிகரைத் தொழிலில் நிறுத்திவைக்க ஏற்பாடு எதுவும் இல்லை. கூத்தைக் காப்பது என்பது உண்மையில் அந்தப் பதினைந்து ஆண்டுகளைக் காப்பதே ஆகும்.

களரிக்கு வரும் முன்

வடதமிழ்நாட்டில் தெருக்கூத்து என்றும் கட்டைக்கூத்து என்றும் வழங்கப்படும் இக்கலை, இசை, நடனம், வசனம், ஒப்பனை ஆகிய நான்கையும் ஒரே நடிகரின் உடலில் கோரும் இரவு நாடக மரபு. காஞ்சிபுரம், திருவண்ணாமலை மாவட்டங்களில் ஆடப்படுவது வடக்கத்திப் பாணி என்றும், அதற்குத் தெற்கே ஆடப்படுவது தெற்கத்திப் பாணி என்றும் கலைஞர்கள் வகைப்படுத்துகின்றனர். வில்லிபுத்தூரார் பாரதமும் நல்லாப்பிள்ளை பாரதமும் இவ்விரு பாணிகளுக்கும் கதை ஊற்றாக இருந்தாலும், களரியில் பாடப்படுவது கூத்து வாத்தியார்கள் தலைமுறை தலைமுறையாகச் செம்மைப்படுத்திய பனுவல்களே ஆகும். அமெரிக்க ஆய்வாளர்களான ஆல்ஃப் ஹில்டபைட்டலும் ரிச்சர்ட் ஃபிராஸ்காவும் 1980களிலும் 1990களின் தொடக்கத்திலும் இம்மரபைப் பற்றி விரிவான நூல்கள் எழுதியதற்குக் காரணம், வழிபாடும் நாடகமும் பிரிக்க முடியாதபடி ஒன்றியிருக்கும் ஒரு முறையான அரங்கக் கல்வி இங்கே வாழ்வதைக் கண்டதுதான்.

அக்கல்வி எளிதானதன்று. கற்க வரும் சிறுவர் முதலில் பின்பாட்டுக்காரர்களோடு அமர்ந்து தாளம் தட்டுகிறார். தாளம் கைக்கு வந்தபின் அடவுகளும், களரியைச் சுற்றிச் சுழன்று ஆடும் கிறிக்கிகளும் கால்களுக்கு வருகின்றன. குரல் உடையும் பருவத்துக்கு முன் சிறு வேஷங்களும் பெண் வேஷங்களும் கிடைக்கின்றன. குரல் உடைந்தபின் அது எந்தச் சுருதியில் நிலைகொள்கிறது என்பதே அவருடைய எதிர்காலத்தைத் தீர்மானிக்கிறது. ஏனெனில் கூத்தின் சுருதி உயரமானது, திறந்தவெளியில் பல மணி நேரம் பாடவேண்டியது. விருத்தம், தரு, கந்தார்த்தம் எனப் பல பாவகைகளும், அவற்றை விளக்கி நீட்டும் வசனமும் மனப்பாடமாக இருக்க வேண்டும் என்பதோடு, அவற்றை இடத்துக்கேற்பச் சுருக்கவும் விரிக்கவும் தெரிந்திருக்க வேண்டும்.

அவ்வாறு வேண்டியிருப்பதற்குக் காரணம் கூத்து நடைபெறும் முறையில் இருக்கிறது. எந்த இரவில் எந்தக் கதை என்பதை ஊரும் விழாவின் வரிசையும் தீர்மானிக்கின்றன. தனி ஒத்திகை என்பது வழக்கத்தில் இல்லை. இன்று பகடை துகிலில் துச்சாதனனாக வருபவர் நாளை அபிமன்யு சண்டையில் துரோணராகவோ, அடுத்த இரவு கர்ண மோட்சத்தில் சல்லியனாகவோ வரக்கூடும். எதிரே நிற்பவர் வேறு குழுவிலிருந்து அன்றிரவுக்கு மட்டும் வந்தவராக இருக்கக்கூடும். ஆகவே நடிகர் தம்முடைய பகுதியை மட்டுமன்றி, நாடகத்தின் மொத்த அமைப்பையும் அறிந்திருக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாகக் கர்ணன், துரியோதனன் போன்ற கட்டை வேஷங்களை ஏற்க உடல்வலிமை வேண்டும். கிரீடம், தோளணி, மார்ப்பதக்கம் ஆகியவற்றைக் கட்டிக்கொண்டு இரவு முழுவதும் சுழல்வது, நன்கு பழகிய கழுத்தையும் முதுகையும் கேட்கிறது. ஒரு நல்ல கர்ணன் உருவாகப் பத்தாண்டு தேவை என்று வாத்தியார்கள் சொல்வது மிகையன்று.

▪ பெட்டி: களரியில் வழங்கும் சொற்கள்

• களரி: கூத்து நடக்கும் இடம். தொடக்கத்தில் வாத்தியங்களை முழக்கி ஊரை அழைப்பது களரி கட்டுதல்.

• கட்டை: இலேசான கல்யாண முருங்கை மரத்தில் செதுக்கி, கண்ணாடித் துண்டும் வண்ணத்தாளும் ஒட்டிய அணிகள். இவற்றை அணியும் வீரப் பாத்திரங்கள் கட்டை வேஷங்கள் எனப்படுகின்றன.

• திரை விருத்தம்: இருவர் பிடித்த திரைக்குப் பின்னிருந்து, பாத்திரம் தன்னை அறிமுகப்படுத்திப் பாடும் பாடல்.

• பின்பாட்டு: ஆர்மோனியம், மத்தளம், டோலக், முகவீணை, தாளம் ஆகியவற்றோடு பின்னால் அமர்ந்து நடிகரின் பாட்டை வாங்கிப் பாடுவோர்.

• கட்டியக்காரன்: அரசனை அறிவிப்பவன், கேலி பேசுபவன், கதையையும் ஊரையும் இணைப்பவன். குழுவின் மிகத் தேர்ந்த நடிகர்களே இதை ஏற்பது வழக்கம்.

• வாத்தியார்: ஆசிரியர், இயக்குநர், பல நேரங்களில் தலைமை நடிகரும்.

வருமானம் எங்கிருந்து வருகிறது

முற்காலத்தில் பல ஊர்களில் கூத்தாடும் உரிமை, மிராசு எனப்பட்ட பரம்பரை உரிமையாக இருந்தது. குறிப்பிட்ட குடும்பங்கள் குறிப்பிட்ட ஊர்களில் ஆடக் கடமைப்பட்டிருந்தன. அதற்கு ஈடாக அறுவடையில் தானியம் பெற்றன. அம்முறையில் வருமானத்துக்கு உறுதி இருந்தது. ஆனால் சாதி ஒழுங்கின் கீழ்ப்படிதலும் சேர்ந்தே இருந்தது. அது தளர்ந்தபின், பல சாதிகளைச் சேர்ந்த நடிகர்கள் ஒன்றுகூடி, ஊர்ப்பெயரோடு நாடக மன்றம் என்றோ சபா என்றோ பெயர் வைத்து, தாம்பூலத்தோடு முன்பணம் பெற்று ஒப்பந்தம் செய்யும் தொழில்முறைக் குழுக்கள் பெருகின. கூத்து நடிகர் தம்மைக் கலைத்தொழிலாளராக உணரத் தொடங்கியது அப்போதுதான் என்பதால், இம்மாற்றத்தை இழப்பாக மட்டும் பார்க்க இயலாது.

இன்றைய குழுக்களில் வருமானம் பெரும்பாலும் பங்காகப் பிரிக்கப்படுகிறது. ஓர் இரவுக்கான தொகையில் பயணச் செலவும் ஒப்பனைச் செலவும் போக எஞ்சியது, நடிகரின் தகுதிக்கும் ஏற்கும் வேஷத்துக்கும் ஏற்பப் பிரிகிறது. பருவம் தொடங்கும் முன்பே முன்பணம் கொடுத்து நடிகரைக் குழுவுக்குக் கட்டுப்படுத்தும் வழக்கமும் உண்டு. மழைக்காலத்தில் வாங்கிய முன்பணத்தைக் கோடையில் ஆடிக் கழிக்கும் நடிகர், கையில் பணம் சேராமலேயே அடுத்த மழைக்காலத்துக்கு வந்து சேர்கிறார். தை முதல் ஆடி, ஆவணி வரை நீளும் பருவம் முடிந்ததும், கருமாதிக் காரியங்களில் ஆடப்படும் கர்ண மோட்சம் போன்ற சில வாய்ப்புகளைத் தவிர, களரி ஓய்கிறது. ஆண்டின் கணிசமான பகுதியில் வருமானம் இல்லாத தொழிலில், வங்கிக் கடன் கேட்கவோ வீட்டு வாடகை ஒப்பந்தம் எழுதவோ, சம்பளச் சீட்டு என்ற ஒரு தாள் நடிகரிடம் இருப்பதில்லை.

பக்கத்திலேயே ஒரு மாதச் சம்பளம்

வாலாஜாபாத் இந்த மாற்றத்தின் நடுவில் இருக்கிறது. ஒரு பக்கம் காஞ்சிபுரமும் அதற்கு அப்பால் கூத்தின் உயிர்நிலமான செய்யாற்றுப் பகுதியும். மறுபக்கம் ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் தொழிற்பேட்டைகள். இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் 1998இல் கார் உற்பத்தியைத் தொடங்கியது. 2010இல் ரெனோ-நிசான் ஆலை ஒரகடத்தில் திறக்கப்பட்டது. டெய்ம்லர் லாரி ஆலையும் ராயல் என்ஃபீல்டு ஆலையும் அடுத்தடுத்து வந்தன. இப்பகுதி ஆலைகளில் உருவாகும் கார்கள் வாலாஜாபாத் ரயில் நிலையத்திலிருந்து சரக்கு ரயில்களில் நாடெங்கும் அனுப்பப்படுகின்றன. பாலாற்றுக்கு அப்பால் செய்யாறு சிப்காட்டின் காலணி ஆலைகள், அதே வட்டாரத்துப் பெண்களுக்குப் பெருமளவில் வேலை தந்திருக்கின்றன.

தொழிற்சாலை வேலையில் குறைகள் உண்டு. ஒப்பந்தத் தொழிலாளர்களும் பயிற்சியாளர்களும் நிரந்தரமாவது எளிதன்று. 2006இல் ஸ்ரீபெரும்புதூரில் தொடங்கி ஆயிரக்கணக்கானோரை வேலைக்கு எடுத்த நோக்கியா ஆலை 2014இல் உற்பத்தியை நிறுத்தியபோது, கம்பெனிச் சம்பளமும் நிலையற்றதே என்பதை இப்பகுதி கண்டது. எனினும் அவ்வேலை ஒரு படிவரிசையைக் காட்டுகிறது. ஐ.டி.ஐ. முடித்தவர் அப்ரண்டிஸாகச் சேர்ந்து, ஆபரேட்டராகி, பணிமூப்பு பெறலாம் என்ற நம்பிக்கை இருக்கிறது, ஊதியத்தில் 12 விழுக்காடு வருங்கால வைப்பு நிதியாகச் சேர்கிறது, நோயுற்றால் ஈ.எஸ்.ஐ. மருத்துவமனை இருக்கிறது, மாதம் பிறந்ததும் வங்கிக் கணக்கில் பணம் வருகிறது. பெண் பார்க்கப் போகும் வீட்டில் கேட்கப்படும் முதல் கேள்வி மாப்பிள்ளை எந்தக் கம்பெனியில் வேலை பார்க்கிறார் என்பதாக இருக்கும் ஊரில், கர்ண வேஷத்தில் பெயர் பெற்றவர் என்ற பதில் போதாமல் போகிறது.

இதன் விளைவு கூத்தின் உள்ளமைப்பைத் தாக்குகிறது. இளம் நடிகர் முழுமையாக விலகிவிடுவதில்லை. ஷிப்டு முடிந்தபின் களரிக்கு வருகிறார். இரவெல்லாம் பாடிவிட்டுக் காலையில் இயந்திரத்தின் முன் நிற்பது உடலுக்குக் கேடு என்பதோடு பாதுகாப்புக்கும் ஆபத்து என்பதால், அவர் கடினமான வேஷங்களைத் தவிர்க்கிறார். நீண்ட விருத்தங்களைச் சுருக்குகிறார். நள்ளிரவுக்கு முன் முடியும் பகுதிகளையே கேட்கிறார். அவ்வாறு பத்தாண்டு கழிந்தால், முப்பது வயதில் பெரிய வேஷங்களைத் தாங்கவேண்டிய நடிகர், இருபது வயதில் அறிந்ததை மட்டும் அறிந்தவராக நின்றுவிடுகிறார். நடிகரின் எண்ணிக்கை குறையாமலேயே நடிப்பின் ஆழம் குறையும் இந்த நிலை, பட்டியல்களிலும் விழா மலர்களிலும் தெரிவதில்லை. அதனாலேயே அது மிகுந்த கவலைக்குரியது.

பார்வையாளரின் இரவும் மாறியிருக்கிறது. இரவு ஷிப்டுக்குப் போகிறவர் கூத்துக்கு வர இயலாது. காலை ஷிப்டுக்குப் போகிறவர் பன்னிரண்டு மணிக்கு மேல் விழித்திருக்க இயலாது. 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் இரவு பத்து மணி முதல் காலை ஆறு மணி வரை ஒலிபெருக்கிக்குத் தடை விதித்து, விழா நாள்களில் மாநில அரசு நள்ளிரவு வரை மட்டும் தளர்த்த இடம் தருகின்றன. ஒலிபெருக்கி இல்லாத காலத்தில் உருவான கலை, இப்போது அது இன்றிப் பெருங்கூட்டத்தை எட்ட இயலாது என்பதால், விடிய விடிய ஆடப்படும் நாடகத்தின் கால அமைப்பு சட்டத்தோடு மோதுகிறது. நிலம் விற்ற பணமும் கம்பெனிச் சம்பளமும் ஊர்த் திருவிழாக்களை முன்னைவிடப் பெரியவையாக்கியிருக்கின்றன என்பதும் உண்மை. ஆனால் அப்பணத்தில் மின்விளக்கு அலங்காரத்துக்கும் மெல்லிசைக் கச்சேரிக்கும் கிடைக்கும் பங்கு, கூத்துக் குழுவுக்குக் கிடைப்பதில்லை.

புஞ்சையரசந்தாங்கலில் ஒரு பள்ளி

இச்சிக்கலுக்கு மிகத் தெளிவான விடை தேடிய முயற்சி காஞ்சிபுரத்தை அடுத்த புஞ்சையரசந்தாங்கல் கிராமத்தில் நடந்தது. பெருங்கட்டூரைச் சேர்ந்த பரம்பரைக் கூத்துக் குடும்பத்தில் 1953இல் பிறந்த பெ. ராஜகோபால், சிறுவயதிலேயே பள்ளியை விட்டு மேடையேறியவர். நடிகராகவும் வாத்தியாராகவும் நாடக ஆசிரியராகவும் வளர்ந்தவர். நெதர்லாந்திலிருந்து வந்து இக்கலையை ஆய்வு செய்து லைடன் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்ற ஹன்னே டி புருய்னோடு இணைந்து, 1990இல் சக நடிகர்களையும் இசைக்கலைஞர்களையும் சேர்த்துக் கட்டைக்கூத்துச் சங்கத்தை அவர் உருவாக்கினார். கலைஞர்களே உறுப்பினராக இருந்து தங்கள் தொழில் நலன்களைப் பேசும் அமைப்பாக அது தோன்றியது என்பது குறிப்பிடத்தக்கது.

2002இல் சங்கம் தொடங்கிய கட்டைக்கூத்துக் குருகுலம், கூத்து கற்க விரும்பும் குழந்தை பள்ளியை இழக்க வேண்டியதில்லை என்ற கொள்கையில் எழுந்த உறைவிடப் பள்ளி. பாடத்திட்டக் கல்வியும் கூத்துப் பயிற்சியும் ஒரே கூரையின் கீழ் நடந்தன. ராஜகோபால் தம் சிறுவயதில் இரண்டில் ஒன்றைத் துறக்க நேர்ந்ததன் வலியே அக்கொள்கையின் அடிப்படை. அங்குப் பயின்ற இளைஞர்கள் புதிய நாடகங்களிலும், கர்நாடக இசைக்கலைஞர்களான டி.எம். கிருஷ்ணா, சங்கீதா சிவகுமார் ஆகியோரோடு ராஜகோபால் உருவாக்கிய கர்நாடிக் கட்டைக்கூத்து போன்ற படைப்புகளிலும் பங்கேற்றனர். கிராமத்துக் கூத்து மேடையும் நகரத்துச் சபா மேடையும் ஒரே இடத்தில் சமமாக அமர முடியும் என்பதை அப்படைப்பு காட்டியது.

குருகுலத்தின் மிகப் பெரிய துணிவு பெண்களைச் சேர்த்தது. பெண் வேஷத்தையும் ஆண்களே கட்டிய மரபில், சிறுமிகள் கட்டை அணிந்து துரியோதனனாகவும் கர்ணனாகவும் களரியேறினர். பெண்கள் மட்டும் ஆடும் கூத்தும் நிகழ்ந்தது. இரவில் பெண் மேடையேறுவதை ஏற்காத ஊர்வழக்கோடு மோதியே அவர்கள் அதைச் சாதித்தனர். ஆனால் பயிற்சி பெற்ற பெண் நடிகருக்குத் திருமணத்துக்குப் பின் என்ன ஆகிறது என்ற கேள்வி, மேற்சொன்ன பதினைந்தாண்டு வெற்றிடத்தின் மிகக் கடுமையான வடிவம். பருவத்தில் இரவு இரவாக ஊர் ஊராகப் போகவேண்டிய தொழிலில், பாதுகாப்பான பயணமும் தங்கும் இடமும் குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் ஏற்பாடும் சம்பளத்தின் பகுதியாகக் கிடைக்காதவரை, புகுந்த வீட்டின் ஒப்புதலையே அவருடைய கலை நம்பியிருக்க வேண்டியிருக்கிறது. ஆண் நடிகரைக் கம்பெனி வேலை இழுத்துக்கொண்டால், பெண் நடிகரை வீடு நிறுத்திவிடுகிறது.

குருகுலம் 2020இல் நிறைவடைந்தது. அதே ஆண்டு மார்ச்சில் வந்த பொதுமுடக்கம், பாரத விழாக்களின் பருவம் தொடங்கும் வேளையில் களரிகளை வெறுமையாக்கியது; 2021இன் இரண்டாம் அலையும் அதே மாதங்களிலேயே வந்தது. அடுத்தடுத்து இரண்டு பருவங்களை இழந்த நடிகர்களுக்கு, கட்டிட வேலையும் கம்பெனி வேலையும் மட்டுமே எஞ்சின. குருகுலத்தின் பதினெட்டு ஆண்டுகள் நிறுவியது, கற்பிக்க முடியும் என்பதை. அவை திறந்து வைத்துச் சென்ற கேள்வி, கற்றவர் எங்கே வேலை செய்வார் என்பது.

▪ பெட்டி: அரசு தருவது என்ன

• தொடக்கத்தில்: மத்திய பண்பாட்டு அமைச்சகம் 18 முதல் 25 வயது வரையான கலைஞர்களுக்கு மாதம் ரூ.5,000 வீதம் இரண்டு ஆண்டுகள் உதவித்தொகை வழங்குகிறது. நாடெங்கும் அனைத்துக் கலைகளுக்குமாக இது போட்டியின் அடிப்படையில் கிடைக்கிறது.

• பயிற்சி: தமிழக அரசின் மாவட்ட இசைப் பள்ளிகளில் குரலிசை, நாதசுரம், தவில், தேவாரம், பரதம், வயலின், மிருதங்கம் ஆகியவற்றுக்கு மூன்றாண்டுப் படிப்பு உண்டு, கூத்துக்கு அத்தகைய முழுநேரப் படிப்பு இல்லை.

• பாராட்டு: மாவட்ட அளவில் கலை இளமணி, கலை வளர்மணி, கலைச் சுடர்மணி, கலை நன்மணி, கலை முதுமணி என வயதுவாரியாக ஐந்து விருதுகள், மாநில அளவில் கலைமாமணி.

• நலம்: நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியம் 2007 முதல் கல்வி, திருமணம், விபத்து உதவிகளை வழங்குகிறது, நலிந்த முதிய கலைஞர்களுக்கு மாத உதவித்தொகை உண்டு.

• இல்லாதது: பயிற்சி முடித்த நடிகருக்கு மாத ஊதியம் தரும் கூத்துக் குழு.

வெளி மேடைகளின் வெளிச்சம்

கூத்துப் பயிற்சி வேறு மேடைகளுக்கு வழி திறக்கும் என்ற நம்பிக்கைக்கும் அடிப்படை உண்டு. செய்யாற்றை அடுத்த புரிசையின் நடேசத் தம்பிரான் ஆட்டத்தில் ஈர்க்கப்பட்ட எழுத்தாளர் ந. முத்துசாமி, 1977இல் சென்னையில் கூத்துப்பட்டறையைத் தொடங்கினார். புரிசைக் கலைஞர்களின் அடவும் குரலும் அங்கே நவீன நடிகரின் பயிற்சியாயின. பசுபதி, கலைராணி, குரு சோமசுந்தரம் போன்ற நடிகர்கள் அப்பட்டறையிலிருந்து திரைக்கு வந்தனர். பாரிஸ் நகரின் தியேத்ர் து சொலெய் குழுவுக்காக அரியான் முனூஷ்கின் இயக்கி 2016இல் அரங்கேற்றிய நாடகத்தில், புரிசை கண்ணப்ப சம்பந்தன் பிரெஞ்சு நடிகர்களுக்குக் கூத்து கற்பித்தார். 2025இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது.

இப்பெருமைகள் மெய்யானவை, ஆயினும் இவற்றின் பயன் எவரைச் சேர்கிறது என்பதையும் நோக்க வேண்டும். கூத்தின் முறைகளைக் கற்ற நகர நடிகருக்குத் திரைப்படம் அடுத்த படியாகிறது. அம்முறைகளைக் கற்பித்த கிராமத்து நடிகருக்கு அந்தக் கதவு எளிதில் திறப்பதில்லை. தேசிய நாடகப் பள்ளியிலோ புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தின் சங்கரதாஸ் சுவாமிகள் நிகழ்கலைப் பள்ளியிலோ சேர, மேல்நிலைக் கல்வியும் பட்டமும் தேவை. பன்னிரண்டு வயதில் தொடங்கிப் பத்தாண்டு களரியில் கற்றவரின் கல்வி, எந்தச் சான்றிதழாகவும் கணக்கில் கொள்ளப்படுவதில்லை. ஆகையால் வெளிமேடை சிலருக்குப் புகழைத் தந்திருக்கிறதே ஒழிய, ஒரு தலைமுறைக்குத் தொழிலைத் தரவில்லை.

இடைப்படி எங்கெல்லாம் இருக்கிறது

பயிற்சிக்கும் புகழுக்கும் இடையே நடிகரைத் தாங்கும் ஏற்பாடு, பிற இடங்களில் திட்டமிட்டே உருவாக்கப்பட்டிருக்கிறது. கேரளத்தில் கவிஞர் வள்ளத்தோள் 1930இல் நிறுவிய கலாமண்டலம், கதகளியைக் குடும்ப ஆதரவிலிருந்து நிறுவனக் கல்விக்கு மாற்றியது. 1965இல் கூடியாட்டமும் அங்கே பாடமானது. கூடியாட்டத்தை யுனெஸ்கோ 2001இல் அருவ மரபின் தலைசிறந்த படைப்பாக அறிவித்ததைத் தொடர்ந்து, சங்கீத நாடக அகாடமி 2007இல் திருவனந்தபுரத்தில் தனி மையம் அமைத்து, குழுக்களுக்கும் குருமார்க்கும் மாணவர்க்கும் தொடர் உதவி அளிக்கிறது. ஜப்பானின் தேசிய அரங்கம் 1970 முதல் கபுகி நடிகர்களுக்குப் பயிற்சி நடத்துவதால், நடிகர் குடும்பத்தில் பிறவாதவரும் அத்தொழிலில் நுழைய முடிகிறது.

தமிழ்நாட்டுக்கு மிக நெருங்கிய பாடம் கர்நாடகத்தில் இருக்கிறது. சிமோகா மாவட்டத்தின் ஹெக்கோடு என்ற சிற்றூரில் 1949இல் உருவான நீநாசம், 1980இல் நாடகப் பயிற்சிப் பள்ளியைத் தொடங்கியது. பயின்றவர் எங்கே போவார் என்ற அதே கேள்விக்கு விடையாக, 1985இல் திருகாட்டா என்ற ஊர்சுற்றும் குழுவை உருவாக்கியது. பயிற்சி முடித்த நடிகர்கள் அதில் ஒரு பருவம் முழுதும் ஊதியம் பெற்றுக் கர்நாடகமெங்கும் ஆடுகின்றனர். 1989இல் மாநில அரசு மைசூரில் பி.வி. காரந்த் தலைமையில் தொடங்கிய ரங்காயணம், நடிகரை மாத ஊதியத்தில் அமர்த்தியது. பள்ளியும், அதை அடுத்து ஊதியக் குழுவும் என்ற இந்த இரண்டடுக்கு அமைப்பே, காஞ்சிபுரத்தில் முதல் அடுக்கோடு நின்றுபோனது.

செய்யக்கூடியது

காஞ்சிபுரம், திருவண்ணாமலை மாவட்டங்களுக்கு ஒரு கூத்துக் குழு, பயிற்சி முடித்த ஆண், பெண் நடிகர்களையும் பின்பாட்டுக் கலைஞர்களையும் மாத ஊதியத்தில் அமர்த்தி, பருவக்காலத்தில் ஊர்க் களரிகளிலும் மழைக்காலத்தில் பள்ளி, கல்லூரிகளிலும் ஆடச் செய்வது, எட்டாத திட்டமன்று. இவ்வட்டாரத்தில் அதற்கான பணமும் சட்ட வழியும் உள்ளன. 2013ஆம் ஆண்டின் நிறுவனங்கள் சட்டத்தின் 135ஆம் பிரிவு, குறிப்பிட்ட அளவுக்கு மேற்பட்ட நிறுவனங்கள் தங்கள் சராசரி நிகர லாபத்தில் 2 விழுக்காட்டைச் சமூகப் பொறுப்புப் பணிகளுக்குச் செலவிட வேண்டும் என்கிறது. அச்சட்டத்தின் ஏழாம் அட்டவணை, மரபுக் கலைகளின் வளர்ச்சியை அப்பணிகளில் ஒன்றாக வெளிப்படையாகவே குறிப்பிடுகிறது. எந்த ஊர்களின் நிலத்திலும் உழைப்பிலும் இந்தத் தொழிற்பேட்டை எழுந்ததோ, அந்த ஊர்களின் கலைக்கு அந்நிதி வருவது தானமன்று. கொண்டதற்குக் கொடுப்பதே ஆகும்.

ஊதியக் குழுவோடு சேர்ந்து வேறு சில மாற்றங்களும் வேண்டும். ஆலைகளில் பணிபுரியும் கூத்துக் கலைஞர்களுக்குப் பாரத விழாக் காலத்தில் ஷிப்டு மாற்றமோ விடுப்போ தருவதற்குத் தொழிற்சங்கங்களும் நிர்வாகங்களும் பேசி முடிவெடுக்கலாம். வாத்தியாரின் பயிற்சியை மதிப்பிட்டுச் சான்றளிக்கும் முறையைத் தமிழ்ப் பல்கலைக்கழகமோ இயல் இசை நாடக மன்றமோ வகுக்கலாம். அச்சான்று பள்ளிகளில் கலை ஆசிரியர் வேலைக்குத் தகுதியாக வேண்டும். படுகளம் உள்ளிட்ட வழிபாட்டுக் கூத்துகள் விடிய விடிய நடக்க, ஒலி அளவைக் கட்டுப்படுத்தியபடியே அனுமதிக்கும் வழி ஆராயப்பட வேண்டும். குழுத் தலைவர்கள் தம் பங்கில், முன்பணக் கடனில் இளையவரைக் கட்டிவைக்கும் பழக்கத்தைக் கைவிட்டு, எழுத்தில் ஒப்பந்தம் செய்யத் தொடங்க வேண்டும். கூத்து தொழிலாக மதிக்கப்பட வேண்டுமானால், தொழிலுக்குரிய நேர்மை உள்ளிருந்தும் வர வேண்டும்.

இவற்றுள் எதற்கும் கூத்தை மாற்றவேண்டிய தேவை இல்லை. கூத்தாடுபவரின் நிலையை மாற்றவேண்டிய தேவையே உண்டு. முழுநீள நாடகங்களை மனத்தில் தாங்கியிருக்கும் வாத்தியார்களில் பலர் முதுமையை எட்டிவிட்டனர். அவர்களிடமிருந்து பெரிய வேஷங்களைப் பெறவேண்டிய தலைமுறை இப்போது இருபதுகளில் இருக்கிறது, ஒரகடத்து ஷிப்டுகளில் வேலை பார்க்கிறது. அத்தலைமுறை வீட்டைக் காக்கும் அளவுக்கு ஊதியம் பெற்று ஆடுமானால், அடுத்த ஐம்பதாண்டுக்குக் கர்ணன்களும் கட்டியக்காரர்களும் இந்த மண்ணுக்குக் கிடைப்பார்கள். அதற்கு இன்றே ஒரு மாவட்டக் குழுவைத் தொடங்குவதே அரசும் ஆலைகளும் கூத்துக்குச் செய்யக்கூடிய முதல் மரியாதை.